பெருக்கி வைத்த நிலம்

அம்பத்தூரில் நான் வேலை செய்த கம்பெனியில் இப்போது தூசிக்கென்று ஒரு அறை கட்டியிருக்கிறார்கள். கண்ணாடி ஜன்னல் வைத்த இரும்பு அறை. உள்ளே எஞ்ஜின் ஓடும். மூட்டையில் வாங்கின தூசியை மிஷின் ஊதும். வெளியே ஏசியில் உட்கார்ந்து பார்க்கலாம். திறப்பு விழாவுக்குப் பழைய ஆட்களைக் கூப்பிட்டார்கள். போனேன். மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இன்ஜினியர், என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, இதுக்காகவா வருஷா வருஷம் ராஜஸ்தான் போனீங்க? பயமா இருக்காதா?"

இருந்தது என்றேன். எழுதிக் கொடுங்கள், விழா மலரில் போடுகிறோம் என்றாள். எட்டாவதோடு நிறுத்தினவன் நான். வந்த மாதிரி எழுதுகிறேன்.

ஊர் திருநின்றவூர். பதினெட்டு வயதில் ஹெல்பராகச் சேர்ந்தேன். பெருக்கினேன், சுமந்தேன், பிறகு ஸ்பானர் பிடித்தேன். ஆறு வருஷத்தில் பிட்டர். எங்கள் சரக்கு ஏர் கிளீனர். கனரக வண்டிகளின் எஞ்ஜின் மூச்சு விடும் வழியில் உட்காரும். அடியில் எண்ணெய்க் கிண்ணம், மேலே கம்பி வலை. காற்று எண்ணெயைத் தொட்டுத் திரும்பும்போது தூசி எண்ணெயில் நின்றுவிடும். சுத்தக் காற்று உள்ளே போகும். வாங்குகிறவர்கள் இதைப் பாலைவனத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கோடையில் ஒன்றரை மாதம். கம்பெனியிலிருந்து மூன்று பேர் கூடப் போவோம். போர்மேன் தாமோதரன், வெல்டர் பாபு, நான்.

இரண்டரை நாள் ரயில். அப்புறம் லாரி. ஜெய்சால்மர் தாண்டி மேற்கே.

முதல் வருஷம், வந்த இரண்டாம் நாள், ஒதுங்கப் போனேன். ஒரு மேட்டுக்குப் பின்னால், நாற்பது அடி இருக்கும். எழுந்து பார்த்தால் நான் வந்த கால் தடம் இல்லை. காற்று அழித்துவிட்டது. எல்லா மேடும் ஒரே மேடாக இருந்தது. வண்டிச் சத்தம் வந்த பக்கம் என்று நினைத்து நடந்தேன். அது காற்றுச் சத்தம். கத்தினேன். குரல் என் வாயிலேயே நின்றது. நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு மணி நேரம் கழித்து ஜீப் வந்து தூக்கியது.

பாபு விடவில்லை. "இன்னா மாமே, பாகிஸ்தான் வரைக்கும் போய்ட்டு வந்தியா? அங்க டீ நல்லா கீதா?"

போர்மேன் சிரிக்கவில்லை. "ஜீப்பு கண்ணுக்குத் தெரியிற வரைக்கும்தான் உன் ஊரு. அப்பால போனா நீ யாரோ" என்றார். அவ்வளவுதான்.

அன்று பிடித்த பயம் ஒவ்வொரு வருஷமும் ஜோத்பூர் தாண்டினதும் வந்து உட்காரும். போகாமல் இருந்திருக்கலாம். போர்மேன் பட்டியலில் என் பேரை எழுதுவார். நான் போவேன்.

தாமோதரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லி ஆள். மேல்பட்டன் வரை போட்டிருப்பார். திட்ட மாட்டார். தப்பு செய்தால் பக்கத்தில் வந்து நிற்பார், அவ்வளவுதான். நாமே கண்டுபிடிக்கும் வரை நிற்பார். அது திட்டை விட மோசம்.

கிளீனரைத் திறக்க அவர் வைத்த முறை இது. எஞ்ஜினை அணைத்ததும் திறக்கக் கூடாது. தூசி படியட்டும். பிறகு வெளிப்புறத்தை ஈரத் துணியால் துடை. காற்றுக்கு முதுகைக் காட்டி, குழாய் வாய்க்கு உன் உடம்பை மறைப்பாக வைத்து நில். கிண்ணத்தைக் கழற்று. குழாய் வாயைச் சிவப்புத் துணியால் அடை. அந்தத் துணியின் மறு முனை உன் மணிக்கட்டில் கட்டியிருக்க வேண்டும், மறந்து உள்ளே விட்டுவிடாமல். கிண்ணத்தில் எண்ணெய் கூழாக இருக்கும். அதைக் கொட்டி, சுரண்டி, டீசலில் இரண்டு தரம் கழுவு. புது எண்ணெய் கோடு வரை. கோட்டுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

கடைசியில் அவர் வருவார். குழாய்க்குள் விரலை விட்டுத் தடவுவார். அந்த விரலை முன்பல்லில் வைத்துக் கடிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். கரகரப்பு இல்லையென்றால் தலையசைப்பார். இருந்தால், "பல்லு சொல்லுது, ரிங்கு போவும்" என்பார். எஞ்ஜினுக்குள் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிடும் என்று அர்த்தம். எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

மணல் எஞ்ஜினைக் கொல்லாது என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். மணல் கனம். விழுந்துவிடும். கொல்வது மாவு. மேடுகளுக்கு நடுவே தட்டை நிலம் இருக்கும். மேலே அப்பளம் மாதிரி ஒரு பொருக்கு. அது உடையாத வரை ஒன்றும் பறக்காது. சேவண் என்று ஒரு புல், ஆள் இடுப்பு உயரம், தூர் தூராக நிற்கும். அது நிற்கிற இடத்தில் தூசியே கிடையாது. எங்கள் வண்டி நாலு தரம் போய் வந்தால் பொருக்கு உடையும், தூர் பெயரும். ஐந்தாம் தரம் மாவு எழும்பி வெயிலை மறைக்கும். நாங்கள் தேடி வந்த தூசியை நாங்களே செய்தோம். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் ஜீப் டிரைவர் ஜேதா, அந்தப் பக்கத்து ஆள். இந்தி பேசுவான். போர்மேனுக்கு இந்தி வரும், எனக்குப் பாதி வரும். அங்கே அம்மனுக்கு விட்ட காடு என்று இருக்கிறது. ஓரண் என்பார்கள். காடு என்றால் நம் காடு இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம், கீழே முள், புல். மரத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நம் ஊர்க் கோயிலில் நிற்கிற வன்னி. கூடாரத்துக்கு முளை வேண்டும் என்று கீழே கிடந்த காய்ந்த கொம்பு ஒன்றை எடுத்தேன். ஜேதா ஜீப்பை விட்டுக் குதித்து ஓடி வந்து கையிலிருந்து பிடுங்கினான். முகம் வெளுத்திருந்தது. கிடந்த இடத்திலேயே, கிடந்த பக்கமாகவே திருப்பி வைத்தான்.

"காய்ந்ததுதானே" என்றேன்.

"காய்ந்ததும் அம்மாவுது. விழுந்ததும் அம்மாவுது. ஆடு துன்னலாம், ஆள் எடுக்கக் கூடாது" என்றான் என்று போர்மேன் சொன்னார்.

பாபு மெதுவாக, "மாமே, மூச்சு உடலாமா கேளு" என்றான்.

அன்றிலிருந்து பச்சை எதையும் தொடுவதில்லை. புல்லை மிதிப்பதுகூட இல்லை. இந்தக் கவனம்தான் என்னைக் கெடுத்தது.

ஐந்தாவது வருஷம் முகாமை மாற்றினார்கள். ஓரணை ஒட்டி ஒரு சின்னக் குடியிருப்பு, பதினோரு வீடு. அதற்குக் கால் மைல் இந்தப் பக்கம் எங்கள் கூடாரம். ஆனி மாதம். போர்மேனுக்குக் காய்ச்சல். நாலு நாள் கூடாரத்தில் படுத்துவிட்டார். கிளீனர் முழுக்க என் பொறுப்பு. கழுவின டீசலை எங்கே கொட்டுவது என்பதை அதுவரை போர்மேன்தான் பார்த்துக்கொள்வார்.

அம்பத்தூரில் கழுவின டீசலை ஷெட்டுக்குப் பின்னால் ஊற்றுவோம். ஒன்றும் முளைக்காத இடமாகப் பார்த்து ஊற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். வேப்பங்கன்று பட்டுப்போனால் வாட்ச்மேன் சண்டைக்கு வருவார். இங்கேயும் அப்படித்தான் தேடினேன். கூடாரத்தைச் சுற்றிப் புல். ஆடு மேய்கிற புல். சாமி புல். அதில் ஊற்ற மனம் வரவில்லை.

இருநூறு அடி தள்ளி ஒரு நிலம் இருந்தது. பெரிய வட்டம். ஒரு புல் இல்லை, ஒரு புழுக்கை இல்லை, ஒரு கல் இல்லை. நடுவில் சுண்ணாம்பு அடித்த குமிழ் மாதிரி ஒரு மேடை, ஆள் உயரம் இருக்காது. யாரோ பெரியவர் சமாதி என்று நினைத்தேன். பச்சை எல்லாம் சாமிக்கு. மொட்டை நிலம் யாருக்கு? யாருக்கும் இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

சமாதிக்கு மரியாதையாக, நடுவுக்குப் போகாமல் ஓரமாக நின்று ஊற்றினேன். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. ஒரே இடத்தில் ஊற்றினால் குட்டை கட்டும் என்று தினமும் தள்ளித் தள்ளி ஊற்றினேன். நாலு நாள்.

ஐந்தாம் நாள் காலை வாளியோடு போனபோது அங்கே ஒரு பெண் நின்றிருந்தாள். என் வயது இருக்கும். கையில் துடைப்பம். பேர் தாபு என்று பிறகு தெரிந்தது. செருப்பை வட்டத்துக்கு வெளியே விட்டிருந்தாள். நான் பூட்ஸோடு உள்ளே நின்றேன். அவள் என் காலைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். குனிந்து கறுப்பாயிருந்த மண்ணைக் கிள்ளி மோந்தாள். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

பத்து நிமிஷத்தில் எல்லா வீட்டு ஆட்களும் வந்துவிட்டார்கள். செருப்பு எல்லாம் வெளியே. ஜேதா வந்தான். பார்த்தவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். போர்மேன் போர்வையோடு வந்தார். ஜேதா சொல்லச் சொல்ல அவர் எனக்குச் சொன்னார்.

அது சமாதி இல்லை. தொட்டி. கீழே மூன்று ஆள் ஆழம். நிலம் சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் நடுவைப் பார்த்துச் சரிந்திருக்கிறது. குளத்து வண்டலும் சாம்பலும் போட்டு, தாத்தா காலத்திலிருந்து அடித்து இறுக்கின தரை. மழைக்கு முன்னால் ஊரே வந்து பெருக்கும். வட்டத்தில் விழுகிற மழை ஓடி வந்து துவாரம் வழியாகத் தொட்டிக்குள் இறங்கும். வருஷத்தில் நாலைந்து மழை. பதினோரு வீட்டுக்கும் ஒரு வருஷம் குடிக்க அதுதான். அடுத்த தண்ணீர் மூன்று மணி நேர நடை, அதுவும் உப்பு.

"மழத்தண்ணி புடிக்கிற ஓட்டுல ஊத்தினா மாதிரி பண்ணிக்கிறடா" என்றார் போர்மேன். "அவங்க கூரையும் இதான், கெணறும் இதான்."

என் கையில் வாளி இன்னும் இருந்தது. கீழே வைக்க இடம் தெரியவில்லை.

"மழை எப்போ?" என்று கேட்டார் போர்மேன்.

தாபு மேற்கே பார்த்தாள். "ஆள்காட்டிக் குருவி இந்த வருஷம் மேட்டுமேல முட்டை வச்சிருக்கு. நல்ல மழை. எறும்பு நேத்தே கிளம்பிடுச்சு. ரெண்டு நாள், மூணு நாள்."

அந்த ஊரில் வருஷம் முழுக்க மழைக்காகக் காத்திருக்கிற நூறு பேர் நடுவில், வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டவன் நான் ஒருத்தன்தான்.

போர்மேன் என் பக்கத்தில் வந்து நின்றார். வழக்கம்போல. "நான் சொல்லாதது என் தப்பு. நீ கேக்காதது உன் தப்பு. பூட்ஸ கழட்டு" என்றார்.

வண்டியை ஓட்டிப் பார்க்க வந்திருந்த டிரையல் அதிகாரியிடம் அவரே போனார். மறைத்துச் சொல்லியிருக்கலாம். எஞ்ஜின் பழுது என்று சொல்லியிருக்கலாம். "என் ஆள் குடிதண்ணி நெலத்துல எண்ணெ ஊத்திட்டான், மூணு நாள் வண்டி நிக்கும்" என்று சொன்னார். அதிகாரி என்ன சொன்னார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்தவர் காய்ச்சலோடு வட்டத்தில் முழங்கால் போட்டார். என்ன செய்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை. ஒரு சாண் தள்ளித் தள்ளி மண்ணைக் கிள்ளி வாயில் போட்டார். கடித்தார். துப்பினார். எண்ணெய் தெரிகிற இடத்தில் ஒரு குச்சி. தெரியாத இடத்தில் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த கறுப்பை விட குச்சி வெகு தூரம் போயிற்று. வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு.

சுரண்டி எடுத்துவிடலாம் என்றான் பாபு. ஊர்க்காரர்கள் வேண்டாம் என்றார்கள். சுரண்டினால் இறுகின தோல் போய்விடும். மழையில் சேறு தொட்டிக்குள் ஓடும். சுரண்டாவிட்டால் எண்ணெய் ஓடும். தொட்டியை மூடிவிட்டால் ஒன்றும் ஓடாது, தண்ணீரும் வராது. ஒரு கிழவர் மூடிவிடு என்றார். இன்னொருத்தர் நாங்கள் எங்கே போவது என்றார். சண்டை அவர்களுக்குள்தான். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அங்கே இல்லாத மாதிரி பேசினார்கள்.

தொட்டி மூடியின் சாவி அந்த வருஷம் தாபு கையில். அவள் ஒரு குச்சியை எடுத்துப் போர்மேன் குத்தின குச்சிகளுக்கு உட்புறமாகக் கோடு இழுத்தாள். "இங்கே வரப்பு. அந்தப் பக்கத்துத் தண்ணி வெளியே போகட்டும். அந்தப் பங்கு எங்களுக்கு இல்ல" என்றாள். அதுவே முடிவாயிற்று.

இரண்டு நாள் வேலை. விட்டுக்கொடுத்த அந்தப் பங்கில் மட்டும் எண்ணெய் மண்ணைச் சுரண்டி மூட்டையில் கட்டி லாரியில் ஏற்றினோம். வெறுங்கால். தரை தோசைக்கல். உள்ளங்கால் கொப்பளித்து உடைந்தது. வரப்புக்கு மண் குழைக்கத் தண்ணீர் வேண்டும். முகாம் குடிதண்ணீர் டிரம்மை உருட்டி வந்தோம். பெண்கள் சாம்பலும் சாணியும் கலந்து குழைத்து, கட்டையால் அடித்தார்கள். அடிக்கும் சத்தம் எனக்கு இப்போதும் காதில் விழும்.

"வா மாமே, நைனா மூஞ்ச பாக்காத, வேலய பாரு" என்று பாபு மட்டும் அவ்வப்போது சொல்வான். போர்மேனைத்தான் நைனா என்பான். அவனும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் மேற்கே வானம் செங்கல் நிறமானது. முதலில் மண் காற்று. கண் திறக்க முடியவில்லை. வரப்பின்மேல் சாக்கைப் போட்டு அதன்மேல் படுத்துக்கொண்டோம், காற்று அரிக்காமல். பிறகு ஒரு சொட்டு என் பிடரியில் விழுந்தது. அந்தச் சொட்டு நெருப்பு மாதிரி இருந்தது எனக்கு.

மழை பெய்தது. அரை மணி நேரம். அங்கே மழை பெய்தால் பாட்டு பாடுவார்கள் என்று ஜேதா சொல்லியிருந்தான். அன்று யாரும் பாடவில்லை. குடை இல்லாமல் வட்டத்தைச் சுற்றி நின்று தரையைப் பார்த்தார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கியது. அதில் நீலமும் ஊதாவுமாக நிறம் ஓடியது. வரப்பை முட்டியது. ஒரு இடத்தில் கசிந்தது. போய் உட்கார்ந்து முதுகைக் கொடுத்தேன். போர்மேன் என் முதுகுக்குப் பின்னால் சேற்றை அப்பினார். நாங்கள் வெட்டி வைத்த கால்வாய் வழியாக நிறம் வெளியே போயிற்று. இந்தப் பக்கம் மண் நிறத் தண்ணீர் ஓடித் துவாரத்துக்குள் இறங்கியது. உள்ளே விழும் சத்தம் கேட்டது.

தெளியட்டும் என்று மறுநாள் வரை விட்டார்கள். தாபு பூட்டைத் திறந்து வாளி இறக்கினாள். செம்பில் ஊற்றி என்னிடம் நீட்டினாள். "நீ முதல்ல."

வாங்கி வாய்க்குக் கொண்டுபோனேன். டீசல் வாசம் அடித்தது. தண்ணீரா, என் கையா? மூன்று நாளாக எண்ணெய் மண்ணில் கிடந்த கை. கழுவக் கழுவ வாசம் போகவில்லை. பதினோரு வீடும் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றது. செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நீயே ஊத்தும்மா" என்று தமிழில்தான் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. அண்ணாந்தேன். ஊற்றினாள்.

மண் வாசம். சாம்பல் வாசம். வேறு இல்லை. இன்னொரு தரம் ஊற்றச் சொன்னேன். இல்லை. போர்மேனும் குடித்தார். வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தலையசைத்தார். அன்று மாலை வரை எங்களை அங்கேயே உட்கார வைத்தார்கள், என்ன ஆகிறது என்று பார்க்க. ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் தாபு தன் வீட்டுக்கு ஒரு குடம் எடுத்துப் போனாள். அந்தக் குடம் போகிற வரை பார்த்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. எந்த வீட்டிலாவது பிள்ளை அழுதால் எழுந்து உட்கார்ந்தேன்.

அந்த வருஷத்திலிருந்து கழுவின டீசலைத் தகரத்தில் பிடித்து, மூடி போட்டு, ரயிலேற்றி அம்பத்தூருக்கே கொண்டுவந்தோம். போர்மேன் அதை எழுதி ஷெட் சுவரில் ஒட்டினார். காரணம் எழுதவில்லை.

அடுத்த கோடை முகாம் வேறு இடம். ஜேதாவிடம் சொல்லி ஒரு நாள் போனேன். போக வேண்டாம் என்றுதான் இருந்தது. வட்டத்துக்கு வெளியே பூட்ஸைக் கழற்றிவிட்டு நின்றேன். பெருக்குகிற காலம். தாபு பார்த்துவிட்டு வந்தாள். தண்ணீர் போதுமாக இருந்ததா என்று ஜேதாவை விட்டுக் கேட்டேன்.

"பங்குனியில முடிஞ்சுது" என்றாள். "மூணு மாசம் நடந்தோம். ஆடு பாதி வித்தாச்சு. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகல."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலவும் இல்லை. கேட்டதற்குச் சொன்னாள்.

வரப்பு அப்படியே நின்றது. வெயிலில் கல்லாக இறுகியிருந்தது. அந்தப் பக்கம் தரை எனக்குச் சுத்தமாகத்தான் தெரிந்தது. இதை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்கச் சொன்னேன்.

தாபு என்னைத்தான் பார்த்தாள், ஜேதாவை இல்லை. "மழை பத்தி எனக்குத் தெரியும். எண்ணெ பத்தி உனக்குத்தான் தெரியும். நீ சொல்லு. எத்தனை மழை போனா அது போகும்?"

எண்ணெயிலேயே கிடந்தவன் நான். எத்தனை மணி நேரத்தில் கெடும், எந்தச் சூட்டில் இளகும், எந்தக் கோடு வரை ஊற்ற வேண்டும், எல்லாம் தெரியும். மண்ணுக்குள் இறங்கினது எப்போது போகும் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

தெரியாது என்றேன்.

"அப்போ வரப்பு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் பெருக்கப் போனாள்.